வரிசையில் நின்று பாடிய பெண்கள்

1992-இல் ‘ரோஜா’ ஒலிநாடா வந்தபோது தமிழ்நாட்டின் டீக்கடைகளும் டவுன் பஸ்களும் தங்களுக்குத் தெரியாமலேயே ஜமைக்காவின் தாளத்துக்குத் தலையாட்டின. ‘சின்னச் சின்ன ஆசை’யை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். மெட்டை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கவனியுங்கள். பேஸ் அவசரமில்லாமல் அசைந்து வருகிறது. அதன் மேலே விழும் வீச்சுகள் தட்டின் மீது விழாமல், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் விழுகின்றன. ரெகேயின் நடை அதுதான். கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்புறம் 1989-இல் கட்டிய பஞ்சதன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஏ.ஆர். ரஹ்மான் அந்த நடையைத் தமிழ் மெட்டுக்குள் தையல் தெரியாமல் தைத்துவிட்டார்.

பாடியவர் மின்மினி, கேரளத்திலிருந்து வந்த இளம்பெண். ரஹ்மானுக்கு முதல் படத்திலேயே தேசிய விருது கிடைத்தது. மின்மினிக்கு ஊரெல்லாம் பெயர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் வெளிநாட்டு மேடையொன்றில் பாடிக்கொண்டிருந்தபோதே அவருக்குக் குரல் போயிற்று. நெடுங்காலம் பாட முடியாமல் இருந்து, மெல்ல மெல்லத்தான் மீண்டார். ஒற்றைக் குரலின் மேல் எல்லாச் சுமையையும் ஏற்றிவைக்கும் தொழில் இது. குரல் கட்டிக்கொண்டால் கைகொடுக்கப் பக்கத்தில் இன்னொருத்தி நிற்பதில்லை.

ரெகே கோடம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. ரெகேயோ வேறெதுவோ, தங்களுக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு சேர்ந்து பாடும் இளம்பெண்களின் குழு மட்டும் இங்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கத் தொடங்கினால், இந்த ஊரின் பாட்டு வரலாற்றில் நாம் பேசாமல் விட்ட ஒரு பெரிய பகுதிக்குள் போய் நிற்போம். அதற்கு முன் கொஞ்ச நேரம் லண்டன் போய்வர வேண்டும்.

1970களின் நடுவில் அங்கே கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த ரெகே அப்போது புரட்சியையும் விடுதலையையும் வேதாகமத்தையும் பேசியது. லண்டனில் வளர்ந்த பெண் பிள்ளைகள் அதே தாளத்தில் காதலைப் பாடினார்கள். 1975-இல் லூயிசா மார்க் என்ற பள்ளி மாணவி பாடிய ஒரு பாட்டிலிருந்து இந்த வகை கிளைத்ததாகச் சொல்வார்கள். டென்னிஸ் ஹாரிஸ் என்பவர் தென்கிழக்கு லண்டனில் நடத்திய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரே அந்த வகைக்கும் ஒட்டிக்கொண்டது: லவர்ஸ் ராக். பெரிய வானொலி நிலையங்கள் இதை அநேகமாகக் கண்டுகொள்ளவில்லை. வார இறுதியில் வீடுகளிலும் கிளப்புகளிலும் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடும் சவுண்ட் சிஸ்டம்காரர்கள்தான் இதை வளர்த்தார்கள். அந்த நிறுவனத்தின் தொடக்க வெளியீடாக 1977-இல் வந்தது மூன்று இளம்பெண்களின் பாட்டு. குழுவின் பெயர் பிரவுன் சுகர். பாலின் கேட்லின், கரோல் சிம்ஸ், கேரன் வீலர் என்ற மூவர். வீலர் 1963-இல் பிறந்தவர். பாடத் தொடங்கியபோது என்ன வயதிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஆண்டுகளில் இப்படிப் பல பெண்கள் கிளம்பினார்கள். கிங்ஸ்டனிலிருந்து வந்த ஆல்தியா, டோனா என்ற இரண்டு இளம்பெண்கள், 17 வயதும் 18 வயதும், 1978 பிப்ரவரியில் பிரிட்டனின் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஜேனட் கே இரண்டாமிடம் வரை ஏறினார். பிரவுன் சுகருக்கு அத்தனை உயரம் வாய்க்கவில்லை. ரெகே ரசிகர்களிடம் செல்வாக்கு இருந்தது, முழு ஆல்பம் வரவில்லை. 1980களின் தொடக்கத்தில் குழு கலைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். கேரன் வீலர் வேறு தோழிகளோடு சேர்ந்து ஆஃப்ரோடிசியாக் என்ற பெயரில் மற்றவர்களின் பாட்டுகளுக்குப் பின்குரல் கொடுக்கப் போனார். எல்விஸ் காஸ்டெல்லோவின் பாட்டில் அவர்கள் குரல் இருக்கிறது. 1984-இல் நெல்சன் மண்டேலாவை விடுதலை செய்யக் கோரி உலகம் முழுக்க ஒலித்த பாட்டிலும் இருக்கிறது. 1989-இல் சோல் டூ சோல் குழுவில் வீலர் பாடிய பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்து, மறு ஆண்டு கிராமி விருதும் வாங்கியது. கரோல் சிம்ஸ் கோஃபி என்ற பெயரில் தனியாகப் பாடி, பிரவுன் சுகர் காலத்துப் பாட்டையே புதுப்பித்து மறுபடி ஒரு சுற்று வந்தார். சில ஆண்டுகளே நீடித்த ஒரு சிறிய குழுவின் கதையை ஐம்பது ஆண்டு கழித்து, இன்னொரு கண்டத்தில், இன்னொரு மொழியில் நாம் எழுத முடிகிறது. இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் அவர்கள் பெயர் அச்சாகியிருந்ததால்தான் அது முடிகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

சேர்ந்து பாடும் இளம்பெண்கள் கோடம்பாக்கத்துக்குப் புதிதே அல்ல. லண்டன் பெண்கள் பிறப்பதற்கு முன்பே இங்கே அது அன்றாடத் தொழில். ஜெமினி ஸ்டூடியோ பெரும் படங்களை எடுத்துக்கொண்டிருந்த நாளில் அங்கே கோரஸ் பாடிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்களில் ஒருவர் ரெஜினா மேரி நிர்மலா. கணவரை இழந்து, பிள்ளைகளோடு நின்ற பெண். அவர் ரிக்கார்டிங்குக்குப் போகும்போது கூடவே போன மகள்தான் எல்.ஆர். ஈஸ்வரி. 1954-இல் ‘மனோகரா’ படத்தின் கோரஸில் அந்தச் சிறுமியின் குரலும் ஒன்று. 1958-இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் தனிப்பாட்டுக் கொடுத்தார். 1961-இல் ‘பாசமலர்’ படத்துக் கல்யாணப் பாட்டு அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்தக் கல்யாணப் பாட்டு தனிப்பாட்டு அல்ல. மணப்பெண்ணை அழைக்கிற தோழிக்கு மற்றத் தோழிகள் பதில் கொடுக்கிறார்கள். அந்தப் பதில்தான் பாட்டைக் கல்யாணமாக மாற்றுகிறது. ஈஸ்வரியின் குரலை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தால் ஒரு பெண் ஒரு பெண்ணிடம் பேசுவதுபோல இருக்கும். கூட்டம் சேர்ந்த பிறகுதான் பந்தல் தெரிகிறது. பதில் கொடுத்தவர்கள் யார்? இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன் பெயர் வாசிக்கும்போது ‘எல்.ஆர். ஈஸ்வரி குழுவினர்’ என்பார்கள். பாட்டுப் புத்தகத்திலும் அவ்வளவுதான். தாயும் மகளும் இன்னொரு மகளுமாக ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். தங்கை எல்.ஆர். அஞ்சலியும் பாடகிதான். அந்த மூன்று பேரில் ஒருவருக்குத்தான் வரிசையை விட்டு முன்னே வர வாய்த்தது. வரிசையிலேயே நின்றுவிட்டவர்களின் வாழ்க்கைக்கு நம்மிடம் பதிவே இல்லை.

அந்த நாள் ரிக்கார்டிங் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே பெரிய கூடம். வயலின்கள் ஒரு பக்கம், தபேலாவும் டோலக்கும் தடுப்புக்கு அப்பால், பிரதானப் பாடகருக்குத் தனி மைக். கோரஸ் பெண்கள் ஆறு பேரோ எட்டுப் பேரோ இன்னொரு மைக்கைச் சுற்றி அரைவட்டமாக நிற்பார்கள். கையில் அவரவரே எழுதிக்கொண்ட பாட்டுத் தாள். ஒருத்தியின் குரல் எடுப்பாக இருந்தால் அவளை ஓரடி பின்னால் தள்ளி நிற்கச் சொல்வார்கள். குரல் மெலிந்தவளை முன்னே இழுப்பார்கள். தாள் புரளும் ஓசை விழக்கூடாது, வளையல் குலுங்கக்கூடாது, இருமல் வந்தால் அடக்க வேண்டும். ஒரு டேக்கில் நாலாவது நிமிஷத்தில் யாராவது பிசகினால் அத்தனை வாத்தியக்காரர்களும் மறுபடி முதலிலிருந்து. அப்படிப்பட்ட இடத்தில் எட்டுப் பேர் ஒரே மூச்சில் எடுத்து, ஒரே மூச்சில் விட்டு, ஒரு குரலாகக் கேட்பது எவ்வளவு பெரிய வித்தை! தனித்துப் பாடுகிறவர் கொஞ்சம் முன்னே பின்னே போனால் அதைப் பாவம் என்று பாராட்டுவார்கள். கோரஸ்காரிக்கு அந்தச் சலுகை கிடையாது. தன் குரல் தனியாகத் தெரியாமல் பாடுவதுதான் அவள் திறமை. அந்தத் திறமையே பிறகு அவள் பெயரில்லாமல் போனதற்குச் சாக்காகவும் ஆகிவிட்டது.

இந்த வேலையின் ஆயுள் பெரும்பாலும் குறைவு. கோ-ஆர்டினேட்டர் ஆள் அனுப்புவார், பிற்காலத்தில் போன் பண்ணுவார். காலையில் ஏவி.எம்., மத்தியானம் பிரசாத், சாயங்காலம் விஜயா என்று ஆர்காட் ரோட்டைச் சுற்றியே நாள் ஓடிவிடும். பெரிய பாடகி வெளியூரில் இருந்தால் அவருக்குப் பதிலாக ட்ராக் பாடிவைக்க வேண்டும். அவர் வந்து பாடியதும் இவள் குரல் அழிக்கப்படும். படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும்போது கதாநாயகி அழுதால் இவள் ஹம்மிங். கல்யாணமான பிறகு ராத்திரி கால்ஷீட்டுக்கு வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். அத்தோடு பல பேர் நின்றுபோனார்கள். நிற்காமல் தொடர்ந்தவர்களில் சிலர் முப்பது வருஷம் கோரஸிலேயே பாடியிருக்கிறார்கள். முப்பது வருஷம் ஒரே துறையில் உழைத்தவருக்கு வேறெங்கும் ஒரு சான்றிதழாவது மிஞ்சும்.

பெண்கள் சேர்ந்து பாடினால் தமிழ்ச் சமூகம் பெயர் கொடுக்காது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. கொடுத்திருக்கிறது. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் கேட்காமல் இங்கே எத்தனை வீடுகளில் பொழுது விடியும்? பம்பாய் சகோதரிகள், ராதா–ஜெயலட்சுமி என்று கச்சேரி மேடையில் ஜோடிகள் உண்டு. இவர்களுக்கெல்லாம் உறவும் பக்தியும் சாஸ்திரீய சங்கீதமும் அரணாக நின்றன. அக்காள் தங்கை என்றால் சேர்ந்து மேடை ஏறலாம், சாமி பாட்டு என்றால் இசைத்தட்டில் பெயர் போடலாம். உறவில்லாத நாலு பெண்கள், சிநேகிதிகளாக, தங்கள் வயதுக்குரிய ஆசைகளையும் கோபங்களையும் தங்கள் பெயரிலேயே பாடலாம் என்பதற்குத்தான் இடமில்லாமல் போயிற்று. மெல்லிசைக் குழுக்களிலும் இதே கதைதான். பாவலர் வரதராஜனின் மேடைகளில் பெண் குரலுக்குரிய பாட்டுகளைத் தம்பி ராசய்யாதான் பாடினார். குரல் உடையும் வயது வந்து அது முடியாமல் போகும்வரை பாடினார். பின்னாளில் இளையராஜா ஆன அந்தப் பையன் பாடிய இடம், மேடைக்கு வர முடியாத ஏதோ ஒரு பெண்ணின் இடம் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் கூட்டுக்குரலை ஒரு கலையாக மதித்து, அதைப் பாடுகிறவர்களைத் தொழிலாளிகளாகவும் கலைஞர்களாகவும் ஒருசேரப் பார்த்த ஒருவர் இருந்தார். எம்.பி. சீனிவாசன். 1925-இல் பிறந்தவர், இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்தவர், ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர், பிறகு மலையாளத்தில் அதிகம் வேலை செய்தவர். சொன்ன கூலி சொன்ன நாளில் கைக்கு வராத ஒரு தொழிலில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர் அவர். இசையமைப்பாளராக இருந்துகொண்டே, கூலி வாங்குகிறவர்கள் பக்கம் நின்றதால் அவருக்கு வரவேண்டிய படங்கள் வராமலும் போயின என்று அவரை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. அதே மனிதர்தான் 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பித்தார். ஆணும் பெண்ணுமாக, பெரும்பாலும் வேறு வேலையில் இருந்த இளைஞர்கள், பாரதியை நாலு அடுக்குக் குரலில் பாடினார்கள். ஒரே மெட்டை எல்லோரும் ஒன்றாகப் பாடுவதற்கும், வேறு வேறு ஸ்வரங்களில் நின்று ஒன்றாகப் பாடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ்க் காதுகளுக்குப் பழக்கியவர்களில் அவர் முக்கியமானவர். 1988-இல் லட்சத்தீவில் இருந்தபோது இறந்துபோனார். சங்கமும் சேர்ந்திசையும் அவருக்கு இரண்டு வேலை அல்ல. கோரஸில் நிற்கிறவருக்குக் கூலியும் மரியாதையும் ஒன்றாகவே வர வேண்டும் என்று அவர் நினைத்தார். இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அவர் அதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்.

பல ட்ராக்குகளில் தனித்தனியாகப் பதியும் முறை வந்ததும் கோரஸின் நிலைமை இரண்டு விதமாக மாறியது. நாலு பேரை நான்கு முறை பாடவைத்தால் பதினாறு பேர் பாடிய மாதிரி கேட்கும். ஆகவே வரிசை குறுகியது, பல பேருக்கு அழைப்பு நின்றது. ஆனால் மிஞ்சியவர்களுக்கு அதுவரை இல்லாத இடம் கிடைத்தது. 1993-இல் வந்த ‘திருடா திருடா’ படத்தின் ‘ராசாத்தி’யைக் கேளுங்கள். வாத்தியங்களே ஏறக்குறைய இல்லை. ஷாகுல் ஹமீதின் குரல் மண் வாசனையோடு முன்னே போகிறது. பின்னால் தந்தியும் காற்றும் செய்யும் வேலை முழுவதையும் மனிதக் குரல்களே செய்கின்றன. அந்தக் குரல்களை நீக்கிவிட்டால் ஷாகுல் ஹமீது வெட்டவெளியில் நிற்பார். ரஹ்மானின் ஆல்பங்களில் வாத்தியக்காரர்களின் பெயரும் பின்குரல் கொடுத்தவர்களின் பெயரும் உறையில் வரத் தொடங்கியது பெரிய மாற்றம். அதை மனமாரச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் எல்லா இசையமைப்பாளர்களுக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் தொற்றவில்லை. தொற்றிய இடங்களிலும், கேசட்டும் சிடியும் போன பிறகு உறை என்பதே இல்லாமல் போய்விட்டது. செல்போனில் பாட்டு ஓடும்போது படத்தின் பெயர், இசையமைப்பாளர், ஒன்றோ இரண்டோ பாடகர்கள். அதற்கு மேல் தேடினாலும் அநேகமாகக் கிடைப்பதில்லை.

2002-இல் வட இந்தியத் தொலைக்காட்சி ஒன்று போட்டி வைத்து ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து வீவா என்ற குழுவை உண்டாக்கியது. ஆரவாரமாகத் தொடங்கி, கொஞ்ச காலத்தில் கலைந்தது. அந்த ஐவரில் ஒருவரான நேஹா பசின் பிறகு இங்கே வந்து, 2007-இல் ‘சத்தம் போடாதே’ படத்துக்காக யுவன் சங்கர் ராஜாவிடம் ‘பேசுகிறேன் பேசுகிறேன்’ பாடினார். குழுவிலிருந்து வந்தவரையும் கோடம்பாக்கம் தனிக்குரலாகத்தான் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டுதான் லண்டனில் பிறந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம், ‘கலா’ ஆல்பத்தை வெளியிட்டார். தாயின் பெயரைத் தாங்கிய அந்த ஆல்பத்துக்கான உறுமிச் சத்தத்தில் ஒரு பங்கு, ரஹ்மானின் ஏ.எம். ஸ்டூடியோவில் இருபதுக்கு மேற்பட்ட மேளக்காரர்களை வைத்துப் பதிவானது. ‘பாய்ஸ்’ பாட்டின் வீடியோவை எடுக்க அவர் ஜமைக்கா போனார். தமிழ்நாட்டு உறுமிக்குக் கிங்ஸ்டன் ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். ‘ரோஜா’வில் இங்கே வந்த தாளத்துக்கு நாம் பதினைந்து ஆண்டு கழித்துக் கொடுத்த மறுமொழியாக இதை எடுத்துக்கொள்ளலாம். 2018-இல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் இசைவாணி கானா பாடியபோது இன்னொரு கதவு திறந்தது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் ஒரு பெண். ஆனால் அந்தப் பெரிய குழுவில் அன்றைக்குப் பெண் அவர் ஒருவர்தான்.

பெயர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, கூலி கொடுத்தாகிவிட்டதே என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டத்தையே பதிலாகக் காட்டலாம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் தங்கள் பதிவு வணிகமாகப் பயன்படும்போது ராயல்டியில் பங்குண்டு என்று எழுதினார்கள். பாடகர்கள் அடுத்த ஆண்டே இஸ்ரா என்ற சங்கத்தை அமைத்து அந்தப் பங்கைக் கேட்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அதே திருத்தத்தில், நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் இடத்தில் ஒரு விலக்கு நுழைந்திருக்கிறது. சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கும் குறிக்கப்படாமலும் இருந்தால், அவரைச் சட்டம் நிகழ்த்துநராகக் கொள்ளாது. அவருடைய வேலையைச் சிதைத்தால் கேட்கும் உரிமை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும். ‘நான் பாடினேன், என் பெயரைச் சொல்’ என்று கேட்கும் உரிமையும் அந்த விலக்கிலேயே போய்விடுகிறது.

ஒரு பாட்டின் கோரஸ் தற்செயலானது என்று யாரும் வாதாடட்டும், ‘ராசாத்தி’யைப் போட்டுக் காட்டி அந்த வாதத்தைத் தோற்கடிக்கலாம். ஆனால் கோர்ட்டு வாசல் ஏறும் வசதி கோரஸ் பாடும் பெண்களுக்கு ஏது? பெயர் குறிக்கப்பட்டிருந்தால் அந்த விலக்குக்கு வேலையே இல்லை. அது இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் செல்லும், ஒன்று உடைந்தாலும் உடைந்துவிடும். எழுபது ஆண்டுகளாக நாம் அசட்டையாகச் செய்துவந்த ஒரு காரியம், பெயர் போடாமல் விடுவது, 2012-க்குப் பிறகு அந்தப் பெண்களின் வருமானத்தை அடைக்கும் பூட்டாகிவிட்டது.

பிரிட்டனில் 1996 முதல் நிலைமை வேறு. பதிவான பாட்டு வானொலியில் ஒலித்தால் வரும் தொகையில் முன்னே பாடியவருக்கு மட்டுமல்ல, பின்னால் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பங்குண்டு. அதற்கு அந்தப் பதிவில் யார் யார் இருந்தார்கள் என்று பட்டியல் வேண்டும். அங்கேயும் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. 1973-இல் பிங்க் ஃபிளாய்டின் ஒரு பாட்டுக்கு, வார்த்தையே இல்லாமல் ஓலமும் ஆலாபனையுமாகப் பாடிய கிளேர் டோரிக்கு 30 பவுண்டு கூலி. அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டே கிடையாது. 2004-இல் அவர் வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசமாகி, பாட்டின் ஆக்கத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் கழித்தும் அவரால் கேட்க முடிந்ததற்கு, பாடியவர் அவர்தான் என்று அந்த உறையிலேயே அச்சாகியிருந்ததும் ஒரு காரணம். நம் படங்களில் வார்த்தையில்லாமல் ஹம்மிங் பாடிய எத்தனை பெண்கள் இப்படி வந்து நிற்க முடியும்? வந்து நின்றாலும் எதைக் காட்டுவார்கள்?

இது பழைய கணக்கைக் கிளறுவதோடு முடியாது. 2024-இல் ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாட்டில், மறைந்த ஷாகுல் ஹமீதின் குரலையும் பம்பா பாக்யாவின் குரலையும் கணினி வழியே ரஹ்மான் மறுபடி எழுப்பினார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அறிவித்தார். அது முறையான வழி. ஷாகுல் ஹமீதுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, அது யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் ‘ராசாத்தி’யில் நின்ற குரல்களை நாளைக்கு ஒருவர் அதேபோல எழுப்ப நினைத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? பழைய பதிவுகளிலிருந்து பத்துப் பெண்களின் கூட்டுக்குரலைப் பிரித்தெடுத்து, கணினிக்குப் பழக்கி, ஒரு பொத்தானில் அடைத்து விற்கும் தொழில்நுட்பம் வந்தாயிற்று. பெயர் தெரியாத குரலுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணம் வியாபாரத்துக்கு எவ்வளவு வசதி!

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு பாட்டுப் பதிவின்போதும் சங்கத்தின் மூலம் சம்பளம் கொடுக்கிறார்கள். கொடுக்கும்போது யார் வந்தார்கள் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தப் பெயர்கள் அப்படியே பாட்டை வெளியிடும் நிறுவனத்துக்கும், அங்கிருந்து செல்போன் செயலிகளுக்கும் போக வேண்டும். படத்தின் முடிவில் லைட்மேன், டிரைவர் பெயரெல்லாம் ஓடுவதை நாம் வரவேற்கிறோம். அதே இடத்தில் பாட்டுவாரியாகக் கோரஸ் பெயர்கள் ஓட இன்னும் இருபது நொடி போதும். மாநில அரசு திரைப்பட விருதுகளில் பாடகருக்கும் பாடகிக்கும் பரிசு கொடுக்கிறது, அங்கே சேர்ந்திசைக்கு ஒன்று சேர்ந்தால் தயாரிப்பாளர்கள் தாங்களாகவே பட்டியல் எடுத்துக்கொண்டு வருவார்கள். இனி வரும் பாட்டுகளுக்கு இவ்வளவு போதும்.

பழைய பாட்டுகளுக்குத்தான் அவசரம். 1960களில் பாடியவர்களில் இருக்கிறவர்கள் எண்பதைத் தொட்டுவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். 70களிலும் 80களிலும் பாடியவர்கள் சாலிகிராமத்திலும் வடபழனியிலும் டிரஸ்ட்புரத்திலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். இவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. பாட்டைப் போட்டால், ‘இடப்பக்கம் நான், எனக்குப் பக்கத்தில் இன்னார், மேல் ஸ்தாயி எடுத்தது அவள்’ என்று சொல்லக்கூடியவர்கள் இவர்கள். கையில் ஒரு ரிக்கார்டரோடு நாலு மாணவர்கள், இசைக் கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்து இதழியல் துறையிலிருந்தோ, இவர்கள் வீடுகளுக்குப் போய்ப் படம் படமாக, பாட்டுப் பாட்டாகக் கேட்டு எழுத வேண்டும். சங்கம் முகவரிகளைத் தரட்டும். இந்தப் பக்கங்களில் அந்தப் பட்டியலை அச்சிட நாங்கள் இடம் தருகிறோம், எத்தனை இதழ் வேண்டுமானாலும்.